கீறிப் பார்த்தால் பச்சை!

தொட்டியில் ஒரு செடி காய்ந்து நிற்பதைப் பார்த்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான தீர்ப்புகள்தான் வரும். "செத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்பது ஒன்று. "ஐயோ பாவம்" என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, கூடவே இரண்டு கை உரத்தையும் அள்ளிப் போட்டு, "நல்லா வெயில் பட்டா தேறிடும்" என்று மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. முதல் தீர்ப்பில், உயிரோடு இருக்கும் செடி குப்பைக்குப் போகிறது. இரண்டாவதில், பிழைக்க இருந்த செடி நம் பாசத்தாலேயே சாகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெரிய செலவு கிடையாது. பொறுமை மட்டும் நிறைய வேண்டும். கடந்த வருடக் கோடையில் அம்மா வீட்டில் 17 தொட்டிகளோடு அந்த வழியில் நாங்கள் நடந்த கதைதான் இது.

அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறார். வயது 71. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் சென்னையில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். திருச்சி வீட்டைப் பூட்டியாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா முதல் இரண்டு வாரம் தினமும் வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்குள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட, அவர் பெங்களூரு போக வேண்டியதாயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. அக்னி நட்சத்திரம் மட்டும் தன் வேலையை ஒரு நாள்கூட விடாமல் செய்துவிட்டது.

ஜூன் முதல் வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வீட்டைத் திறந்தேன். பின்பக்கம் குண்டுமல்லி மூன்று தொட்டி, ரோஜா மூன்று, செம்பருத்தி இரண்டு, துளசி இரண்டு, குரோட்டன்ஸ் இரண்டு. கறிவேப்பிலை, நந்தியாவட்டை, கற்றாழை, அடினியம் ஒவ்வொன்று. கற்றாழையையும் அடினியத்தையும் தவிர மற்ற எல்லாம் அடுப்புக்கு வைத்த சுள்ளி மாதிரி நின்றன. நடுவில் சிமென்ட் திண்ணையில், அப்பாவின் ஆலமரம்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 2001-ல் எங்கள் வீட்டு சன்ஷேடு விரிசலில் ஓர் ஆலங்கன்று முளைத்தது. பறவை எச்சத்தில் வரும் விதை அப்படித்தான் சுவரில் முளைக்கும். பார்த்தவுடனே பிடுங்கி எறிவார்கள். அப்பா வேர் அறுபடாமல் எடுத்து ஒரு தட்டைத் தொட்டியில் வைத்தார். போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்கே தட்டில் நட்டது என்றுதான் பொருள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வருடக்கணக்காகக் கம்பி சுற்றி, கிளையை வளைத்து, வேரைக் கத்தரித்து, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு முழு ஆலமரத்தை உருவாக்கி வைத்திருந்தார். தண்டு என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். இரண்டு விழுதுகள்கூட இறங்கியிருந்தன. அப்பா போன பிறகு, காலையில் காபி குடிப்பதற்கு முன் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் வழக்கமாகிவிட்டது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வரை வந்த அம்மா, மரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை தம்பி போனில் வந்தான். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கே அழைத்து வந்துவிடலாம் என்பது, விழுந்த நாளிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருக்கும் யோசனை. "செடியெல்லாம்கூடப் போயிடுச்சாமே? இனிமே அங்க என்னக்கா இருக்கு?" என்றான். அவன் அக்கறையில்தான் கேட்டான். ஆனால், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வயலூர் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அப்பாவுக்குப் பழக்கமானவர். ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

உயிர் இருக்கிறதா? நான்கு சோதனைகள்

அவர் முதலில் தண்ணீர் கேட்கவில்லை, கத்தரிக்கோலும் கேட்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு சின்னக் கிளையின் பட்டையை லேசாகக் கீறினார். உள்ளே காய்ந்த பழுப்பு நிறம். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கீறினார். அங்கேயும் பழுப்பு. தடித்த கிளைக்கு வந்து கீறியபோது, நகத்தடியில் வெளிர்ப்பச்சையாக ஓர் ஈரக் கோடு தெரிந்தது.

"பாருங்கம்மா, உயிர் இங்க ஒளிஞ்சிருக்கு" என்றார்.

இதுதான் முதல் சோதனை. பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம்தான் மரத்தின் வளரும் பகுதி. அது பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால், அந்த இடம் வரை உயிர் இருக்கிறது. செடி காயும்போது பொதுவாக நுனியிலிருந்து உள்நோக்கித்தான் காயும். அதனால் நுனியில் பழுப்பைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. நுனி, நடு, அடித்தண்டு, மண்ணை ஒட்டிய இடம் என்று ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். கீறல் ஒரு கடுகு அளவு போதும். சுற்றிச் சுற்றிக் கீறினால் நாமே பட்டையை உரித்ததாகிவிடும்.

இரண்டாவது சோதனை, வளைத்துப் பார்ப்பது. காய்ந்த குச்சி 'டக்'கென்று ஒடியும். உயிருள்ள குச்சி கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும்.

மூன்றாவது சோதனை எனக்குப் புதிது. ஆலமரத்தின் வலப்பக்கக் கிளைகளில் இலையே இல்லை. எல்லாம் கொட்டி, மொட்டையாக நின்றது. இடப்பக்கக் கிளையில் இலைகள் பழுப்பாகக் காய்ந்து, இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இடப்பக்கம்தான் பரவாயில்லை என்று நான் நினைத்தேன். பெரியவர் நேர்மாறாகச் சொன்னார். இலையைக் கழற்றி விடுவதே செடி செய்கிற ஒரு வேலை. தண்ணீர் தட்டுப்பாடு வந்ததும், காம்பு சேரும் இடத்தில் செடியே ஒரு தடுப்பை உண்டாக்கி இலையை உதிர்க்கிறது. இலை வழியாகப் போகும் ஈரம் மிச்சமாகும் அல்லவா? அதைச் செய்ய உயிருள்ள திசு வேண்டும். கிளை திடீரென்று செத்துப்போனால் இலையை உதிர்க்க ஆள் இல்லை. அது அப்படியே காய்ந்து தொங்கும். ஆக, உதிர்ந்து மொட்டையான கிளையில் நம்பிக்கை அதிகம்.

நான்காவது சோதனை ஆல், அரசு, அத்தி போன்ற பால் மரங்களுக்கு மட்டும். ஊசி முனையால் தண்டில் லேசாகக் குத்தினால் பால் கசியும். எங்கள் மரத்தில் நான்கு இடம் குத்தியதில் அடித்தண்டில் மட்டும் ஒரு துளி வெள்ளை வந்தது. மிகவும் காய்ந்த மரத்தில் பால் வராமலும் போகலாம். வரவில்லை என்பதற்காகக் கைவிட வேண்டாம்.

நான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் என் நகத்தைப் பிடித்துப் பார்த்தார். அதில் பச்சை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊற்றினால் குடிக்காத மண்

உயிர் இருப்பது தெரிந்ததும் பூவாளியைத் தூக்கினேன். ஊற்றிய அடுத்த நிமிடமே தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடி வந்தது. "நல்லா குடிச்சிருச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரியவர் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே ஒரு விரற்கடை ஈரம். உள்ளே தூள் பறக்கிறது.

முழுக்கக் காய்ந்த மண் சுருங்கிவிடும். தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி வெளியேறிவிடும். வேர் சுற்றியிருக்கும் நடுமண் கல்லாகவே கிடக்கும். எத்தனை வாளி ஊற்றினாலும் கதை இதுதான்.

அதற்கு வழி, தொட்டியையே தண்ணீரில் இறக்குவது. துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, தொட்டியின் விளிம்பு வரை மெதுவாக இறக்கினோம். மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நிற்கும் வரை, சுமார் 20 நிமிடம் விட்டோம். பிறகு எடுத்து, இரண்டு செங்கல் மேல் சாய்த்து வைத்து, சொட்டுவது நிற்கும் வரை வடியவிட்டோம். வடியவிடுவதும் முக்கியம். வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் தேவை. டப்பிலேயே ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும்.

தூக்க முடியாத பெரிய தொட்டிகளுக்கு வேறு முறை. ஒரு குச்சியால் மண்ணில் ஐந்தாறு இடத்தில் துளையிட்டு, சுவரோரத்து இடைவெளியை மண் போட்டு அடைத்துவிட்டு, ஒரு டம்ளர் அளவு தண்ணீராக 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஊற்றினோம். நான்கைந்து முறை ஊற்றிய பிறகுதான் நடுமண் நனைந்தது.

இந்த வேலைக்கே ஒரு நாள் போய்விட்டது. அம்மா பின்வாசல் படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மல்லித் தொட்டிய இன்னும் கொஞ்சம் சாச்சு வை" என்று உத்தரவு போட ஆரம்பித்தார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

ஊறுகாய் சொல்லும் பாடம்

அடுத்து வந்தது யோசனைகளின் மழை. "அரிசி கழுவின தண்ணி ஊத்து", "டீத்தூள் போடு", "முட்டை ஓடு நல்லது", "பஞ்சகவ்யம் தெளிச்சா ஒரே வாரம்", "ஒரு ஸ்பூன் யூரியா போட்டுப் பாரேன்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உரம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் செடிக்குச் சாப்பாடு. காய்ந்து கிடக்கும் செடிக்கு அது சுமை.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் என்ன ஆகிறது? மாங்காய் தண்ணீர் விடுகிறது. மண்ணில் உரத்தின் உப்பு அதிகமானால் வேருக்கும் அதே கதிதான். குடிக்க வேண்டிய வேர், தன்னிடம் இருக்கும் ஈரத்தையும் இழக்கும். அதனால் புதுத்துளிர் வந்து, இலை விரிந்து முற்றும் வரை எந்த உரமும் வேண்டாம் என்றார் பெரியவர். காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழுந்தவருக்கு நாம் கஞ்சிதானே கொடுக்கிறோம்?

தண்ணீரிலும் அளவு உண்டு. செடி காயும்போது முதலில் சாவது நூல் போன்ற நுண்வேர்கள். தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் நுண்குழாய்களிலும் காற்று புகுந்துவிடும். போர் மோட்டாரில் ஏர் பிடித்தால், கீழே தண்ணீர் இருந்தும் தொட்டிக்கு ஏறாது அல்லவா, அது மாதிரி. குடிக்கும் வாயும் குறைந்து, ஏறும் வழியும் அடைபட்ட செடிக்கு தினமும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் மண்ணில் தேங்கும். மிச்சமிருக்கும் வேரும் அழுகும்.

எப்போது ஊற்றுவது என்று தெரிந்துகொள்ள பெரியவர் சொன்ன கருவி, ஐஸ்கிரீம் குச்சி. மண்ணில் இரண்டு அங்குலம் செருகி 10 நிமிடம் கழித்து எடுத்தால், ஈரம் எவ்வளவு என்று அதன் நிறமே சொல்லிவிடும். குச்சி நனைந்து கருத்திருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். லேசான ஈரம் மட்டும் என்றால் ஊற்றலாம்.

வெயிலும் கூடாது. இலையே இல்லாத மரத்தின் பட்டையில் 40 டிகிரி வெயில் விழுந்தால் பட்டை வெந்துபோகும். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். பின்வாசல் தாழ்வாரத்தில் கிழக்குப் பக்கம் இடம் ஒதுக்கினோம். ஆலமரத்துக்கு மட்டும் நான்கு குச்சி நட்டு, துணிக்கடையில் கொடுத்த பெரிய கண்ணாடித்தாள் பையைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து, நான்கைந்து ஓட்டை போட்டோம். உள்ளே காற்று ஈரமாக இருந்தால் தண்டிலிருந்து ஈரம் போவது குறையும். தினமும் காலையில் அரை மணி நேரம் கூடாரத்தைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படும் இடத்தில் இப்படி மூடினால் செடி உள்ளேயே வெந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியை மாற்றுவது, வேரை உதறிப் பார்ப்பது, பச்சையாக இருக்கும் கிளையை வெட்டுவது எல்லாம் பிறகு. இப்போது அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம்

எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி திரும்பி வரவில்லை. முதலில் வந்தது குண்டுமல்லி. மல்லிகைத் தோட்டக்காரர்கள் வருடா வருடம் கவாத்து செய்து, செடியை மொட்டையாக்கித்தான் புதுக்கிளைகளை வரவைக்கிறார்கள். வெட்டுக்குப் பழகிய செடி. காய்ந்த கொடியையெல்லாம் பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டோம். 12-ம் நாள் இரண்டு தொட்டியில் கணுவில் பச்சை எட்டிப் பார்த்தது. மூன்றாவது வரவே இல்லை.

கறிவேப்பிலை 16-ம் நாள், மண்ணை ஒட்டிய அடித்தண்டிலிருந்து துளிர்த்தது. மேலே முழுக்கக் காய்ந்தாலும் அடியிலிருந்தோ வேரிலிருந்தோ புதுக்கன்று விடுவது அதன் குணம். கறிவேப்பிலைத் தொட்டியை அவசரப்பட்டுக் காலி செய்துவிடாதீர்கள். செம்பருத்தி இரண்டும், நந்தியாவட்டையும் மூன்று வாரத்தில் தண்டிலிருந்து துளிர்த்தன.

ரோஜாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. அடியில் வேர் ஒரு ரகம். மேலே பூ ஒரு ரகம். எங்கள் ரோஜாக்களில் ஒன்று ஒட்டுக்கு மேலே துளிர்த்தது. இன்னொன்று ஒட்டுக்குக் கீழிருந்து மளமளவென்று வளர்ந்தது. அது வேர்ச்செடிதான், நாம் விரும்பிய பூ அதில் வராது. மூன்றாவது போய்விட்டது.

குரோட்டன்ஸ் இரண்டிலும் கீறிய இடமெல்லாம் பழுப்பு. துளசியும் அப்படியே. துளசிக்கு இயல்பாகவே ஆயுள் குறைவு. முழுக்கக் காய்ந்த பிறகு தண்டு திரும்புவது அரிது. ஆனால், காய்ந்த கதிர்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கடுகை விடச் சிறிய விதைகள் கொட்டும். அம்மா அதைக் காகிதத்தில் மடித்து சாமி அலமாரியில் வைத்தார். "ஆடிப்பட்டம் தேடி விதை. அதுவரைக்கும் இருக்கட்டும்."

அடினியம் அடிக்கிழங்கில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். சுருங்கியிருந்தாலும் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. பிசுபிசுவென்று அமுங்கினால்தான் அழுகல் என்று அர்த்தம். கற்றாழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கணக்கு இப்படி வந்தது: 17 தொட்டிகளில் 9 பிழைத்தன. ஆலமரத்தின் முடிவு மட்டும் தெரியவில்லை.

காத்திருந்த நாட்கள்

20-ம் நாள் ஒன்றுமில்லை. 30-ம் நாளும் ஒன்றுமில்லை. நான் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் சொல்லியிருந்தார். கூடத்தில் நடக்கச் சொன்னால், "சும்மா எதுக்கு அங்கயும் இங்கயும் நடக்கிறது?" என்பார். குச்சியைப் பார்க்கப் போவது மட்டும் சும்மா நடப்பதில் சேராது. காலையில் கூடாரத்தைத் திறக்க ஒரு தடவை, மூட ஒரு தடவை, மாலையில் குச்சியைப் பார்க்க ஒரு தடவை. ராத்திரி எதற்கென்று கேட்டேன். "பூனை தள்ளிவிட்டுடுச்சான்னு பாக்க வேணாமா?" என்றார். கட்டிலிலிருந்து பின்வாசலுக்கு 22 அடி.

மரம் தேறினால் அம்மாவும் தேறிவிடுவார் என்று பார்க்க வருகிறவர்கள் உருக்கமாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னையும் அதையும் ஒண்ணா வெச்சுப் பேசாதீங்க. அதுக்கு ஆபரேஷன் ஆகல, எனக்கு இலை கொட்டல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

அந்த நாட்களில் ஒரு மரத்தின் கதையைப் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். வாஷிங்டனில் இருக்கும் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்படுவது. 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், யமாகி குடும்பத்தின் நர்சரியில் அது இருந்தது. நர்சரியின் சுற்றுச்சுவர் அதைக் காப்பாற்றியது. மசாரு யமாகி 1976-ல் அந்த மரத்தை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். குண்டுவீச்சில் தப்பிய மரம் அது என்பது, 2001-ல் அவருடைய பேரன்கள் அந்த மரத்தைப் பார்க்கப் போனபோதுதான் அங்கே வெளியில் தெரிந்தது.

நான் அணுகுண்டையும் அன்பளிப்பையும் நினைத்து வியந்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டது வேறு. "அந்தக் களேபரத்துலயும் யாரோ ஒருத்தர் அதுக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்கல்ல?"

41-ம் நாள், ஆடி பிறந்த வாரம். அம்மாதான் முதலில் பார்த்தார். "இங்க வாடி" என்ற குரலைக் கேட்டு, விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். வாக்கரை ஓரமாக விட்டுவிட்டு, திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலப்பக்கத் தடித்த கிளையில், இலையே இல்லாத வெற்றுப் பட்டையில், அரிசி நுனி அளவுக்கு ஒரு புடைப்பு. நான்கு நாளில் அது கூரான குருத்தாகி, செம்பு நிறத்தில் இரண்டு இலை விட்டது. ஒரு வாரத்தில் ஏழு இடங்களில் துளிர். எல்லாமே வலப்பக்கம்.

இடப்பக்கக் கிளை வரவில்லை. கீறிய இடமெல்லாம் பழுப்பு. ஜப்பானியர்கள் பைன், ஜூனிபர் மரங்களில் செத்த கிளையின் பட்டையை உரித்து, வெள்ளை வெளேரென்று அப்படியே விட்டுவைப்பார்கள். அதற்கு ஜின் என்று பெயர். அது மாதிரி விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஆலங்கட்டை மெதுவானது, நம் ஊர் மழைக்கு ஊறி உளுத்துவிடும், வெட்டுவதுதான் நல்லது என்றார் நர்சரிப் பெரியவர். அம்மா உடனே சம்மதிக்கவில்லை. அப்பா இரண்டு வருடம் கம்பி கட்டி வளைத்த கிளை அது. "ஐப்பசி மழைக்கு முன்னாடி வெட்டிக்கலாம்" என்றார். சொன்னபடி புரட்டாசியில் தன் கையாலேயே வெட்டி, காயத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். மரம் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பழைய அழகு இல்லை. புதுசாக ஓர் அழகு வர இன்னும் சில வருடங்கள் ஆகும்.

ஆகஸ்டில் தம்பி வந்தான். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வீட்டுப் பேச்சை அவன் எடுப்பதற்கு முன் அம்மாவே எடுத்தார். "மரம் துளிர்த்ததால நான் இங்க இருக்கேன்னு சொல்லல. அது காஞ்சுபோயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கு இங்கதான் தூக்கம் வருது" என்றார். அதற்குப் பிறகு நடந்தது விவாதம் அல்ல, வேலைகள். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி, தரைக்கு வழுக்காத டைல்ஸ், ராத்திரி துணைக்குப் படுக்க ஒரு பெண்மணி. தம்பி வைத்த ஒரே நிபந்தனை, ஏப்ரலும் மே மாதமும் சென்னையில் இருக்க வேண்டும் என்பது. அம்மா ஒப்புக்கொண்டார்.

அதனால் இந்த ஏப்ரலில் தொட்டிகளுக்கான ஏற்பாடு முன்கூட்டியே தொடங்கியது. எல்லாத் தொட்டிகளையும் தாழ்வார நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வைத்தோம். கூட்டமாக இருந்தால் மண் மெதுவாகத்தான் காயும். மண்ணின் மேல் காய்ந்த சருகையும் தேங்காய் நாரையும் மூடாக்காகப் பரப்பினோம். ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறுநுனியைத் தொட்டி மண்ணிலும் புதைத்தோம். துணி வழியாக ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஆள் வராவிட்டாலும் தாங்கும். வாரம் இரண்டு முறை வாளியை நிரப்பத் தெருமுனைப் பையனுக்குச் சம்பளம் பேசியாயிற்று. புதுத் துளசி முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.

ஆலமரத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் போதாது. தட்டைத் தொட்டியில் இருக்கும் மண் இரண்டு கை அளவுதான். கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். போன்சாய் வளர்ப்பவர்கள் ஊருக்குப் போனால் மரத்தைப் பார்த்துக்கொள்ளத் தினமும் ஓர் ஆள் வேண்டும். அல்லது மரமும் கூடவே போக வேண்டும்.

அம்மாவை அழைத்து வரத் தம்பி காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். கிளம்பும்போது எனக்கு போன் செய்தான். "அக்கா, முன்சீட்டுல மரம் உட்கார்ந்திருக்கு. சீட் பெல்ட்டெல்லாம் போட்டாச்சு. ஏசி காத்து அது மேல நேரா அடிக்கக் கூடாதாம். நான்தான் வேர்த்து ஊத்திக்கிட்டு ஓட்டப் போறேன்!"

பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "விழுப்புரத்துல நிறுத்துடா. குச்சியப் பாக்கணும்."